ஆனியில் ஒரு பால், ஆடியில் ஒரு பால்

வாருங்கள் மிஸ், உள்ளே வாருங்கள். செருப்போடு வந்தாலும் பரவாயில்லை. இல்லை, கழற்றிவிட்டே வாருங்கள், நேற்றுத்தான் தரை கழுவினேன். அந்தக் கதிரையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பதில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். எங்கள் தேயிலைத் தோட்டத் தலைவர் வந்தால் அதில்தான் உட்கார வைப்பேன்.

நீங்கள் தேடி வந்த சிவபாக்கியம் நான்தான். ஏன் மிஸ் அப்படிப் பார்க்கிறீர்கள்? கையில் இருக்கிற புத்தகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். கொடுங்கள் பார்ப்போம். ஆமாம், இந்தப் படத்தில் இருப்பது இந்த வீட்டு அடுப்படிதான். அதோ, அந்த ஜன்னல்தான் இது. கீழே என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள். ‘இந்திய உதவியால் கிடைத்த புதிய வீட்டில் முதல் பால் பொங்கும் மகிழ்ச்சியில் திருமதி சிவபாக்கியம்.’ நல்லது. வீடு என்னுடையது. பெயர் என்னுடையது. அந்தப் பானைகூட என்னுடையதுதான். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள் மட்டும் நான் இல்லை. அவள் அடைக்கம்மா. மேலே லயத்தில் இருக்கிறாள். அவளுக்கு வீடே கிடையாது.

பால் முதல் பாலும் இல்லை. அது இரண்டாவது பால். முதல் பாலை நான் காய்ச்சி முடித்துவிட்டேன்.

சொல்கிறேன். தேநீர் குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் நாட்டில் இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், கொடுத்தது என்ன ஆயிற்று என்று பார்க்க. பார்க்க வேண்டியதுதான். நான் தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைத்தான் சொல்வேன். எனக்குப் பயம் கிடையாது.

லயம் என்றால் வரும்போதே பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கட்டியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் சின்னதாய் ஒரு இடம், அதற்கு நாங்கள் இஸ்தோப்பு என்று சொல்வோம். நான் பிறந்தது அங்கே. எனக்குக் கல்யாணம் ஆகி ஐந்தாவது அறையில் இருந்து பதினோராவது அறைக்குப் போனேன். ஒரே கூரை! அம்மா வீட்டில் அழுதால் மாமியார் வீட்டில் கேட்கும். லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு. மழை நாளில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இங்கே இருக்கக் கூடாது, ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம்தான் உங்கள் நாடு வந்தது. கீழே ரோட்டுப் பக்கம் இருபது வீடு. பணம் உங்களுடையது, நிலம் தோட்டத்துடையது, உழைப்பு எங்களுடையது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். உழைப்பு என்று சொன்னால் சும்மா இல்லை மிஸ். காலையில் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, பின்னேரம் வந்து இந்த அத்திவாரத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் மண் வெட்டினோம். இந்தச் சுவருக்குள்ளே இருக்கிற ஒவ்வொரு கல்லும் என் தலையில் ஏறி இறங்கியதுதான். எந்த மூலையில் எந்தக் கல் கோணல் என்று கேளுங்கள், காட்டுகிறேன். அதனால்தான் சொல்கிறேன், வீடு நீங்கள் கொடுத்தது, இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கும்பிட்டு வாங்கியது இல்லை.

வெளியே வாசல் பக்கத்தில் பதித்திருக்கிற பளிங்குப் பலகையைப் பார்த்தீர்களா? இரண்டு நாட்டுக் கொடியும் போட்டது. பார்க்கவில்லையா? மேலே என் குடை தொங்கும். மறைப்பதற்காக மாட்டவில்லை, ஆணி அங்கேதான் இருந்தது. வெயிலில் கொடி மங்காமலும் இருக்கும்.

வீடு சித்திரையிலேயே முடிந்துவிட்டது. ஓடு போட்டாயிற்று, வெள்ளை அடித்தாயிற்று, கரண்டும் வந்தாயிற்று. திறப்பு விழாதான் வரவில்லை. பெரிய விருந்தாளி ஒருவர் வந்து திறந்து வைப்பார், அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று இருபது வீட்டையும் பூட்டிவிட்டார்கள். வைகாசியில் வருகிறார் என்றார்கள். வரவில்லை. ஆனி முதல் கிழமை, உங்கள் ஊர்ப் பேச்சில் முதல் வாரம், என்றார்கள். வாழைமரம்கூட வெட்டிக் கட்டினோம், வாழை காய்ந்ததுதான் மிச்சம்.

மழை பிடித்துக்கொண்டது. லயத்தில் எங்கள் அறைக்குள் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான், அங்கே அரிசி வாளியை வைத்துவிட்டு நாங்கள் ஒழுகிற இடத்தில் இருந்தோம். மேலே இருந்து பார்த்தால் கீழே புது வீடு தெரியும். கூரை நனைந்து பளபளவென்று நிற்கும். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இருக்காது. யாரும் இல்லை. காற்று மட்டும் குடியிருக்கிறது.

தலைவரிடம் போய்க் கேட்டேன். வீரமலை என்று பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் காரில் யார் வந்தாலும் அவருக்கு முதுகு தானாக வளையும்.

“தலைவரே, விழா எப்ப வேணும்னாலும் வரட்டும். நாங்க இப்பவே போய் இருக்கிறோமே. பின்னால இந்த மண்ணு எறங்குது, பாருங்க.”

“அது எப்படி பாக்கியக்கா ஏலும்? நீங்க குடியிருக்கிற வீட்ட அவங்க எப்படித் தெறக்கிறது? ரிப்பன எங்க கட்டுறது?”

“கழுத்துல கட்டுங்க.”

“ஒங்களுக்கு வாய் மட்டும் இல்லாட்டி நரி தூக்கிட்டுப் போயிரும். கொஞ்சம் பொறுங்க. தேதி வந்திருச்சு. அடுத்த மாசம் ரெண்டாம் கிழமை. அதுவும் ஒங்க வீட்டுலதான் விழா. ரோட்டு ஓரம், கார் நேரா வாசலுக்கு வரும். தெறக்க வர்ற அம்மா ஒங்க அடுப்புல பால் காய்ச்சுவாங்க, ஒங்க கையில சாவி குடுப்பாங்க. என்னா குடுப்பினை!”

நான் விரல் விட்டுப் பார்த்தேன் மிஸ். அடுத்த மாதம் இரண்டாம் கிழமை என்றால் ஆடி.

“தலைவரே, அது ஆடி மாசம்.”

“ஆமா, ஆடி.”

“ஆடியில எவன் குடிபோவான்?”

“நீங்க ஆவணியில போங்க. ஆடியில தெறப்பு மட்டும்தான்.”

“தெறப்பு மட்டும்னா பால் எதுக்கு?”

அவருக்கே தெரியும். ஆடியில் வாடகை வீடுகூட மாறமாட்டோம். அந்த மாதத்தில் புது வீட்டில் பால் காய்ச்சினால் அந்த வீடு விளங்காது. அதுவும் வீட்டுக்காரி வெளியே நிற்க, ஊர் பேர் தெரியாத ஒருத்தர் வந்து முதல் அடுப்பைப் பற்றவைப்பதா? நீங்கள் சொல்லுங்கள் மிஸ், உங்கள் வீட்டுக்கு யாரோ கடன் கொடுத்தார், நன்கொடை கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வரட்டும். சாப்பிடட்டும். நல்லா இருங்கள் என்று சொல்லட்டும். உங்கள் அடுப்பை அவரா பற்றவைப்பார்? உங்கள் ஊரிலும் ஆடி இருக்கிறதுதானே. எங்கள் பூட்டன் அங்கே இருந்துதான் அந்த ஆடியையும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார். நாங்கள் மறக்கவில்லை. நீங்கள் மறந்துவிட்டீர்களா என்ன?

இருபது வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். ஆனியும் குடிபோக உசத்தி இல்லைதான், ஆடிக்கு அது எவ்வளவோ மேல், ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் அவரவர் வீட்டில் பால் காய்ச்சிவிடுவோம், அப்புறம் யார் வந்து என்ன செய்தாலும் நமக்கென்ன என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆஹா, அக்கா சொல்வதுதான் சரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஒருத்தருக்குத் தலைவலி, ஒருத்தருக்கு டவுனில் வேலை, ஒருத்தி பிள்ளைக்கு ஊசி போட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையில் எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள்? என் வீட்டுக்காரர் சன்னாசியே வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் யோசித்தார்.

“வேணாம் பாக்கியம். வீட்டப் பறிச்சுட்டா என்னா செய்றது?”

“பறிக்கட்டும். கல்ல எல்லாம் திருப்பித் தூக்கிட்டு வந்திருவேன்.”

அவரைத் தவிர வந்தது அடைக்கம்மா ஒருத்திதான். அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை. வீடு பதிவுத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான். அவள் புருஷன் இறந்த பிறகு அவள் பதிவில் இல்லை, அன்றாடக் கூலியாகக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறாள், ஒரு மாடு வைத்திருக்கிறாள், ஒரு பெண் பிள்ளை. பால் அவள்தான் கொண்டுவந்தாள். அவளிடம்தான் மாடு இருக்கிறதே, கொண்டுவராமல் என்ன?

முன் கதவில் பெரிய பூட்டு. பின்கதவுக்குப் பூட்டு வந்து சேரவில்லை, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பூட்டை உடைத்தேன் என்று பிறகு சொன்னார்கள், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் மிஸ், பூட்டே இல்லை. கம்பி. கம்பியை யாரும் உடைக்க முடியாது. அவிழ்த்தேன்.

“பின்வாசல் வழியா யாருக்கா குடிபோவாங்க?” என்றாள் அடைக்கம்மா.

“களவாணி போவான். இல்லாட்டி வீட்டுக்காரி போவா. நீ பானையப் பிடி.”

வலது காலை வைத்து உள்ளே போனேன். மூன்று கல் வைத்தோம். ஈர விறகு, பற்ற மாட்டேன் என்றது. அவள்தான் குனிந்து குனிந்து ஊதினாள், கண் எல்லாம் சிவந்துபோயிற்று. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவள் குலவை போட்டாள் பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சன்னாசி அதற்குள் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நாலு தரம் நடந்துவிட்டார். நான் நடு வீட்டில் நின்றேன். எனக்கு அழுகை வந்ததா என்று கேட்டால், இல்லை. புகை.

பானையை அங்கேயே வைத்துவிட்டுக் கம்பியைப் பழையபடி சுற்றிவிட்டு வந்துவிட்டேன். ஒளிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வெள்ளைச் சுவரில் புகைக் கறை இத்தனை பெரிசாக இருந்தது, எங்கே ஒளிப்பது? இரண்டு நாளில் தலைவர் வந்துவிட்டார். கூடவே வீட்டுத் திட்டத்து அலுவலர் ஒருவர், தொப்பி போட்டவர்.

“யார் செஞ்சது?” என்றார் தலைவர்.

“நான்தான்.”

“ஒங்களுக்குத் தெரியுமா இது எவ்வளவு பெரிய விசயம்னு? வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னா நெனப்பாங்க?”

“வீட்டுக்காரி பால் காய்ச்சிட்டான்னு நெனப்பாங்க.”

தொப்பிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. திறக்காத வீட்டில் நுழைந்தது குற்றம், சாவியை நிறுத்தி வைக்கலாம், வேறு ஆளுக்கு மாற்றலாம் என்று சொன்னார். மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று தலைவர் கண்ணைக் காட்டினார். நான் கேட்கவில்லை. சன்னாசி கேட்டார். நான் கேட்காத மன்னிப்பை அவர் யார் கேட்பதற்கு? அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

கடைசியில் என்ன முடிவு என்றால், விழா என் வீட்டில்தான், ஏனென்றால் கார் அங்கேதான் வரும். ஆனால் நான் முன்னால் வரக் கூடாது. அந்த அம்மாவோடு பால் காய்ச்சவும் சாவி வாங்கவும் வேறு ஒரு பெண், அழைப்பிதழில் அச்சாகிவிட்ட என் பெயரிலேயே. மற்ற பத்தொன்பது வீட்டுக்காரிகளும் அடுத்தவள் வீட்டில் பால் காய்ச்சினால் தோஷம் தங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்று ஓடிவிட்டார்கள். அதற்கு மட்டும் ஆடி நினைவு வந்தது! அதனால் வீடே இல்லாத ஒருத்தியைத் தேடினார்கள். யார்? அடைக்கம்மா.

அவள் போனாள் மிஸ். என் அடுப்பை ஊதியவள், குலவை போட்டவள், தலைவர் மனைவியின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். ‘ஏன்டி போகிறாய்’ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது காரணம் சொல்வாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்கித் தருவதாகத் தலைவர் சொன்னாராம், அடுத்த தடவை வீடு வந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னாராம். எனக்கென்ன அது?

விழா அன்று வேலைக்கு லீவு. என்னை வராதே என்று சொன்னார்கள், நான் வந்தேன். கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம், எதிர் மேட்டில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்றேன். கூடை முதுகில், கொழுந்துச் சேலை. ஒரு ஆளையும் திட்டவில்லை. நின்றேன், அவ்வளவுதான். தலைவர் மூன்று தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்து மூன்று தரமும் வேறு பக்கம் சிரித்தார்.

வந்த அம்மா நல்ல மாதிரிதான். குற்றம் சொல்ல மாட்டேன். வெள்ளைப் பருத்திச் சேலை, கழுத்தில் மாலை. ரிப்பன் வெட்டினார். அடைக்கம்மாவோடு உள்ளே போய் அடுப்பு பற்றவைத்தார், கேமராக்காரர்கள் ஜன்னல் வழியாக ஏறி விழுந்தார்கள். பால் பொங்க நேரமாயிற்று. வெளியே எல்லாரும் கை கட்டி நின்றோம், உள்ளே இரண்டு நாட்டுக்காரர்களும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் கை தட்டினார்கள். வெளியே வந்து மைக்கில் பேசினார். இது தானம் இல்லை, உறவு என்று சொன்னார். நல்ல பேச்சு. அப்புறம் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றையும், கூடவே உண்மைச் சாவியையும் அடைக்கம்மா கையில் கொடுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார்:

“சிவபாக்கியம், வீடு எப்படி இருக்கு? சந்தோஷமா?”

அடைக்கம்மா மைக்கைப் பார்த்தாள். அப்புறம் எதிர் மேட்டைப் பார்த்தாள். என்னைத்தான்.

“நல்லா இருக்குங்க,” என்றாள். “இருக்கிறவங்க நல்லா இருப்பாங்க.”

மேட்டில் நின்ற பெண்கள் எல்லாரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், பாவம், ஏன் என்று தெரியாமல். உங்கள் படத்தில் அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது எந்த நேரத்தில் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் என்றுதான் நினைக்கிறேன்.

கார் எல்லாம் போன பிறகு தலைவர் சாவிக்குக் கை நீட்டினார். விசாரணை முடியும் வரை ஆபீசில் இருக்கட்டும் என்றார். அட்டைச் சாவியைக் கொடுத்தாள். மற்றதைக் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அந்தச் சாவியத் தா புள்ள.”

“ஏலாது தலைவரே. அந்தம்மா என் கையில குடுத்தாங்க. இது சிவபாக்கியத்துக்குன்னு மைக்குல சொன்னாங்க. நாடே கேட்டுச்சு.”

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து மேட்டுக்கு வந்தாள். எல்லாரும் பார்க்க என் கையில் சாவியை வைத்தாள். “இந்தாங்கக்கா.”

வாங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? என் சாவி. என் சாவியை என்னிடம் தருவதற்கு ஒரு கும்பிடா?

இல்லை, ஒன்று சொன்னேன். “ஆடியில கொண்டுபோய் என் அடுப்புல பால் காய்ச்சுனியே, அந்தத் தோஷம் எல்லாம் ஒன்னோடயே போகட்டும்” என்றேன்.

அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “பரவாயில்லக்கா. எனக்குத்தான் வீடே இல்லையே. தோஷம் எங்க போய் ஒக்காரும்?”

எப்போதும் அவளுக்கு இப்படி ஒரு பேச்சு.

ஆவணியில் குடிவந்தோம். விசாரணை என்று யாரும் வரவில்லை. பத்திரிகையில் சிவபாக்கியம் வீடு என்று போட்டுவிட்டார்கள், அப்புறம் எப்படி வேறு ஆளுக்கு மாற்றுவது? நான் நின்ற நிற்பில்தான் அது நடந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் நடந்திருக்குமா? பக்கத்து வீட்டுக்காரிகள் இப்போது என்னைப் பெரிய தைரியசாலி என்கிறார்கள். அன்றைக்கு ஊசி போடப் போனவர்கள்.

அடைக்கம்மாவோடு எனக்கு மனஸ்தாபம் உண்டுதான். ஆனால் நான் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு உதவி செய்யாமல் இருக்கிற ஆள் இல்லை. லய அறையை விட்டு வரும்போது என் கூரைத் தகரம் எட்டு இருந்தது, நாங்கள் ஒழுகலில் இருந்ததைக் கேட்டுப் பிறகு என் மகன் கொழும்பில் சம்பாதித்து அனுப்பியதில் வாங்கியது. அதை அப்படியே அவளுக்குக் கொடுத்தேன். சும்மா கொடுத்தேன் மிஸ், சல்லிக் காசு வாங்கவில்லை. அவள் இன்னும் அந்த மண்மேட்டுக்குக் கீழேதானே இருக்கிறாள். ‘பிள்ளை படுக்கிற பக்கம் போடு’ என்று இடமும் காட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், தகரம் முழுவதும் மாட்டுக் கொட்டிலில்!

“ஏன்டி, மாட்டுக்கா நான் குடுத்தேன்?”

“மாடு நனைஞ்சா பால் வத்திப்போகும்கா. நான் நனைஞ்சா என்னா வத்தப்போவுது?”

இது ஒரு பதிலா? என்ன நோக்கத்துக்குக் கொடுத்தோமோ அதற்குத்தானே பயன்படுத்த வேண்டும். நான் நின்று, அவளைக் கழற்ற வைத்து, அறைக்கு மேலே போட வைத்தேன். இரண்டு கிழமை கழித்துப் போனால் பாதி அறையில், பாதி கொட்டிலில். அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுவேன். கொடுத்தவளுக்குப் போய்ப் பார்க்கிற உரிமை கூடவா இல்லை? கதவுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. அதில் ஒவ்வொரு தகரத்திலும் ‘சிவபாக்கியம்’ என்று எழுதிவிட்டேன். பெருமைக்கு இல்லை. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க.

தீபாவளிக்கு மகன் வந்தபோது அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். அவன் பணம் எங்கே போயிற்று என்று அவனுக்கும் தெரிய வேண்டுமே. அடைக்கம்மாவைத் தகரத்துக்குக் கீழே நிற்கச் சொல்லி போனில் படம் எடுத்தான். ‘கொஞ்சம் சிரியேன்டி’ என்றேன். அந்த அம்மாவுக்கு முன்னால் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தவள், எனக்கு முன்னால் உம்மென்று நின்றாள். ஒரு வார்த்தை, அக்கா கொடுத்தது, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவள் வாயில் இருந்து வர வேண்டுமே!

போன கிழமை என்ன செய்தாள் தெரியுமா? நான் மலையில் இருந்து வந்து பார்க்கிறேன், எட்டுத் தகரமும் என் வாசலில் அடுக்கியிருக்கிறது. மழை அன்றைக்கும் ஊற்றியது. அந்த மழையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, தலையில் வைத்து, இந்தச் சறுக்கலில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் மேலே ஓடினேன். அறைக்குள் அவள் சட்டி, பானை, குண்டான் எல்லாவற்றையும் ஒழுகிற இடம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பின்சுவரில் ஒரு வெடிப்பு, போன மாதம் அது இல்லை.

“என்னாடி இது?”

“ஒங்க தகரம்கா. எண்ணிப் பாத்துக்கங்க.”

“நான் திருப்பிக் கேட்டேனா?”

“குடுத்தா குடுத்துடணும்கா” என்றாள். அவ்வளவுதான். குண்டானை இரண்டு விரல் தள்ளி வைத்தாள்.

என்ன திமிர் பார்த்தீர்களா மிஸ்? ஒழுகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டு! நான் அவளுக்கு மூத்தவள். இந்தப் பேச்சையெல்லாம் எவளிடம் கற்றாளோ, எனக்குத் தெரியவில்லை. இந்தத் தோட்டத்தில் இப்படிப் பேசுகிற ஆள் வேறு யாரும் இல்லை.

எழுந்துவிட்டீர்களா? அவளைப் பார்க்கப் போகிறீர்களா? போங்கள், கட்டாயம் போய்ப் பாருங்கள். அந்தப் பின்சுவரைப் பாருங்கள். அடுத்த இருபது வீட்டுக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று தலைவர் சொன்னார். அவளைப் பற்றிக் கேட்டால் பதிவில் இல்லை என்பார்கள். நீங்கள் விடாதீர்கள். மண்மேடு பதிவு பார்த்தா சரியப்போகிறது? தொப்பி போட்டவர் தலையைச் சொறிவார், சொறியட்டும். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவளுக்கு வீடு வராவிட்டால், உங்கள் அடுத்த விழாவில் நான் மேட்டில் நிற்க மாட்டேன், ரிப்பனுக்கு முன்னால் நிற்பேன்.

ஆனால் ஒன்று மிஸ். கிட்ட வாருங்கள், நமக்குள்ளே சொல்கிறேன். கொடுத்துவிட்டு அவளிடம் ஒரு நன்றியை எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எவ்வளவு செய்தாலும் ஒரு வார்த்தை வராது. நான் கொடுத்துப் பார்த்தவள். கொடுக்கிறவர்கள் பாடு நம்மைப் போலக் கொடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும், இல்லையா?